மிச்சப் பணம்

போன வாரம் ராய்ப்பூரிலிருந்து நண்பர் ஒருவர் கூப்பிட்டார். அவரும் வங்கிக்காரர்தான். அவர்கள் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சங்கத்துக்கு இந்த வருஷம் அவரைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். ("பேங்க்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாத கணக்கான்னு தலையில கட்டிட்டாங்க சார்.") ஊரில் வெள்ளம் வந்தபோது திரட்டிய நிதியில் கொஞ்சம் பணம் செலவாகாமல் நிற்கிறதாம். "இதை என்ன பண்றதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. உங்க ஊர்லயும் இப்படி ஒரு பஞ்சாயத்து நடந்துதுன்னு சொன்னீங்களே?"

நடந்தது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. அந்தப் பஞ்சாயத்தால் நான் தேடிப் படிக்க நேர்ந்த ஒரு சரித்திரத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைக் காபியோடு படிக்கவும்.

முதலில் என் கதை. மன்னார்குடியில் பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதி, ஊர் ஊராக மாற்றலாகி, 2017-ல் புவனேஸ்வரம் வந்தேன். நடுவில் கொஞ்ச காலம் சம்பல்பூர் போனதைத் தவிர இங்கேதான் ஜாகை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் பக்கத்துத் தென்னைகளை அது என்ன செய்தது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷம் வளர்த்த மரங்கள் ஒரே ராத்திரியில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு என் மாமா போனில் பேசவே இல்லை. அத்தைதான் பேசினார்.

எங்கள் சங்கத்தில் உடனே வசூல் ஆரம்பித்தோம். பொருளாளர் நான். 61 பேர் கொடுத்தார்கள். மொத்தம் 1,86,500 ரூபாய். தார்ப்பாய், சோலார் விளக்கு, அரிசி, போர்வை என்று வாங்கி வேதாரண்யம் பக்கக் கிராமங்களுக்கு அனுப்பினோம். செலவு 1,63,040. கையிருப்பு 23,460. எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது.

டிசம்பர் கூட்டத்தில் கணக்கைப் படித்தேன். கைதட்டுவார்கள் என்று உள்ளூர ஓர் ஆசை. வந்தது சண்டை. ரயில்வேயில் ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் (நாங்கள் 'சார்' என்றுதான் கூப்பிடுவோம்) எழுந்து, "வேதாரண்யத்துக்குன்னு வாங்கின காசு. கடைசிப் பைசா வரைக்கும் அங்கதான் போகணும்" என்றார். இளைஞர் ஒருவர், "இருபதாயிரத்துக்காக இன்னொரு லாரியா? பொங்கல் விழாவுல சேர்த்துக்கலாம்" என்றார். நான், "இருக்கட்டும், அடுத்த புயலுக்கு ஆகும்" என்றேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அது வரைக்கும் வட்டி யாருக்கு?"

சிரிப்புக்குத்தான் கேட்டார் என்று பிறகு சொன்னார்கள். எல்லோரும் சிரிக்கவும் செய்தார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் அடுத்தவர் பணத்தை எண்ணிக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவனுக்கு அந்தக் கேள்வி எங்கே தைக்கும் என்று உங்களுக்கே தெரியும். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பணம் சங்கத்தின் பெயரில் தனி சேமிப்புக் கணக்கில்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. ஒரு துயரத்துக்கென்று கொடுத்த பணம் மிஞ்சினால் அது யாருடையது?

பெரிய அமைப்புகள் என்ன செய்கின்றன என்று தேட ஆரம்பித்தேன். அப்படித்தான் 1920-ஆம் வருஷத்து 15-ஆம் சட்டத்தில் போய் முட்டிக்கொண்டேன். இந்தியச் செஞ்சிலுவைச் சங்கச் சட்டம்.

* * *

செஞ்சிலுவைச் சங்கம் என்றால் நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்து ஜே.ஆர்.சி. ஞாபகம் வரும். முதலுதவிப் பெட்டி, பேட்ஜ், விளையாட்டு விழாவில் மயங்கி விழும் பையனைத் தூக்கிப் போகும் கூட்டம். பெரியவர்களான பிறகு ரத்த தான முகாம். இப்படி ஓர் அமைப்பைத் தொடங்கும் சட்டம், கருணை, தொண்டு, மனிதநேயம் என்றுதான் ஆரம்பிக்கும் என்று நினைத்தேன். இல்லை. அதன் முகவுரை பேசுவது பணத்தைப் பற்றி. முடிந்துபோன போரில் நோயாளிகளுக்கும் காயம்பட்டவர்களுக்கும் உதவப் பொதுமக்கள் கொடுத்த தொகைகளும் நன்கொடைகளும் ஒரு கமிட்டியின் கையில் இருக்கின்றன. அவற்றை இனிமேல் எப்படி நிர்வகிப்பது? அதற்காகத்தான் இந்தச் சட்டம் என்று சொல்கிறது.

அதாவது, நம் நாட்டின் மிகப் பெரிய நிவாரண அமைப்புகளில் ஒன்று மிச்சப் பணத்துக்கு வழி சொல்லத்தான் பிறந்தது. படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி. நம் சங்கத்துப் பிரச்சினை வைஸ்ராய்க்கும் இருந்திருக்கிறது :-)

கதை 1914-ல் ஆரம்பிக்கிறது. முதல் உலகப் போர் வந்தபோது இந்தியாவுக்கென்று தனிச் செஞ்சிலுவைச் சங்கம் கிடையாது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்த கூட்டுப் போர்க் கமிட்டியின் இந்தியக் கிளைதான் அந்த வேலையைச் செய்தது. போர் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் தாண்டிப் போனார்கள். எழுபதாயிரத்துக்கும் மேல் செத்தார்கள்.

நம் சென்னை மாகாணத்துக்கும் இதில் பங்கு உண்டு. மாகாணத்து மக்களிடம் திரட்டிய மெட்ராஸ் போர் நிதியிலிருந்து 'டாண்டா' என்ற கப்பலை ஆஸ்பத்திரிக் கப்பலாக மாற்றினார்கள். அதற்கு வைத்த பெயர் 'மெட்ராஸ்'. காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு கடலில் போய்வந்த ஒரு முழு ஆஸ்பத்திரி, நம் ஊர்க்காரர்கள் கொடுத்த பணத்தில் ஓடியிருக்கிறது.

அந்தப் பணம் எவ்வளவு தேவையாக இருந்தது என்பது மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், தெரிந்தது. 1915-16-ல் அங்கே இந்தியப் படையின் மருத்துவ ஏற்பாடுகள் அடியோடு சரிந்தன. காயம்பட்ட சிப்பாய்களை ஆற்றில் திறந்த படகுகளில் நாட்கணக்கில், கட்டுப்போட ஆளில்லாமல் கொண்டுவந்தார்கள். குட் என்ற ஊரில் முற்றுகையில் சிக்கிய படை 1916 ஏப்ரலில் சரணடைந்தது. 1917-ல் வெளியான விசாரணைக் கமிஷன் அறிக்கை இந்திய அரசாங்கத்தைக் கிழித்துத் தொங்கவிட்டது. அரசாங்கம் கைவிட்ட இடத்தில் ஜனங்கள் கொடுத்த பணமும் துணியும் மருந்தும்தான் கொஞ்சமாவது ஈடுகட்டின. 'அவர் டே' என்று இங்கிலாந்தில் நடந்த வசூல் நாளை 1917-ல் இந்தியாவிலும் நடத்தினார்கள்.

1918 நவம்பரில் போர் முடிந்தது. கமிட்டியின் கையில் பணம் மிஞ்சியது. எங்கள் டிசம்பர் கூட்டம் மாதிரியே ஒரு கேள்வி: காயம்பட்ட சிப்பாய்க்கென்று வாங்கிய பணம். இனி யாருக்கு?

அந்தச் சமயத்தில் நாட்டின் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். 1918-ல் வந்த இன்ஃப்ளுயன்சா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. போரில் செத்தவர்களைப் போல நூறு மடங்கு. காசநோய் வேறு, பிறந்த குழந்தைகள் சாவது வேறு. அத்தனை துயரம் கண்ணெதிரே இருக்கும்போது, 'இது போருக்கென்று வாங்கியது' என்று பெட்டியைப் பூட்டி வைக்க முடியுமா? முடியாது. அதற்காக, 'யார் கேட்கப்போகிறார்கள்' என்று சத்தமில்லாமல் எடுத்துச் செலவு செய்யலாமா? அதுவும் கூடாது.

அவர்கள் செய்தது என்னவென்றால், சட்டசபைக்குப் போனார்கள். வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் உறுப்பினராகவும் அந்தக் கூட்டுக் கமிட்டியின் தலைவராகவும் இருந்த சர் கிளாட் ஹில், 1920 மார்ச் 3 அன்று மசோதாவைக் கொண்டுவந்தார். மார்ச் 17 நிறைவேறியது. மார்ச் 20 ஒப்புதல். பதினேழு நாளில் முடிந்தது வேலை. ஜூன் 7-ஆம் தேதி ஐம்பது பேரை உறுப்பினர்களாக நியமித்துச் சங்கம் அமைந்தது. கமிட்டியின் பணமும் சொத்தும் புதிய சங்கத்துக்கு மாறின.

பணம் எதற்குச் செலவாகலாம் என்பதைச் சட்டமே சொன்னது. முதல் உரிமை போரில் அடிபட்டவர்களுக்கு. அதற்குப் பிறகு, போரால் வந்தாலும் வராவிட்டாலும் இந்தியாவில் நோயும் துன்பமும் தீர்க்க. அட்டவணையில் விவரமாகப் பட்டியல் இருக்கிறது: படைவீரர்களின் பராமரிப்பு, காசநோயாளிகள் (அதிலும் முதலில் சிப்பாய்களும் மாலுமிகளும்), குழந்தைகள் நலம், ஆஸ்பத்திரிகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் குழுக்கள், செவிலியர் பணிக்கு உதவி.

'போரால் வந்தாலும் வராவிட்டாலும்.' இந்த ஒரு சொற்றொடர்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. காசு கொடுத்தவர்களுக்கு மரியாதை கொடுத்து அவர்கள் சொன்ன நோக்கத்தை முதலில் வைத்தார்கள். பிறகு கதவைத் திறந்தார்கள். அதையும் எல்லோருக்கும் தெரியும்படி, எழுத்தில் செய்தார்கள்.

* * *

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. செஞ்சிலுவை இயக்கத்தையே தொடங்கிய ஹென்றி டுனான்டும் நம்ம ஜாதிதான். ஜெனீவாவில் ஒரு வங்கி நிறுவனத்தில் பயிற்சி ஊழியராகத்தான் வேலையை ஆரம்பித்தார். பிறகு அல்ஜீரியாவில் மாவு மில் கம்பெனி. அதற்குத் தண்ணீர் உரிமை வாங்க பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைத் தேடிப் போன வழியில்தான் 1859 ஜூன் 24 அன்று நடந்த சோல்ஃபெரினோ போரின் விளைவைப் பார்த்தார். பல்லாயிரம் பேர் வெட்டவெளியில் கிடந்தார்கள். போன காரியத்தை விட்டுவிட்டு, பக்கத்து ஊர்ப் பெண்களைத் திரட்டி, எந்த நாட்டுச் சிப்பாய் என்று பார்க்காமல் தண்ணீர் கொடுத்துக் கட்டுப்போட ஏற்பாடு செய்தார். 1862-ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1863-ல் ஜெனீவாவில் ஐந்து பேர் கமிட்டி, 1864-ல் முதல் ஜெனீவா ஒப்பந்தம்.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. பாடப்புத்தகம் சொல்லாதது அடுத்த பாகம். 1867-ல் அவர் தொடர்பு வைத்திருந்த வங்கி நொடித்தது. டுனான்ட் திவாலானார். மறு வருஷம் கோர்ட் அவர் மேல் தப்புச் சொன்னது. அவர் தொடங்கிய கமிட்டியே அவரை வெளியே அனுப்பியது. ஜெனீவாவை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. வருஷக்கணக்கில் வறுமை. கடைசிப் பதினெட்டு வருஷம் ஹைடன் என்ற ஊரில் ஆஸ்பத்திரி அறை ஒன்றில் கழிந்தது. 1901-ல் முதல் சமாதான நோபல் பரிசை அவருக்கும் ஃபிரெடெரிக் பாஸிக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். பரிசுப் பணத்தைக் கடன்காரர்கள் கைவைக்காமல் இருக்க நார்வேயிலேயே போட்டுவைத்தார்கள். தனக்கென்று அவர் அதைச் செலவழிக்கவில்லை. 1910-ல் இறந்தபோது எழுதிவைத்தவற்றில் ஒன்று, அந்த ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்காக ஓர் இலவசப் படுக்கை.

கமிட்டி அவரை நடத்திய விதம் ரொம்பக் கொடுமை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் வங்கிக்காரன் புத்தி வேறொன்றையும் பார்க்கிறது. ஊர் பணத்தை வாங்கும் இடத்தில் கணக்கில் ஒரு கறை பட்டால் அங்கே எவ்வளவு பயப்படுவார்கள் என்பது முதல் ஐந்து வருஷத்திலேயே தெரிந்துவிட்டது. 'வட்டி யாருக்கு' என்ற கேள்வியின் மேல் எனக்கிருந்த கோபம் இதைப் படித்த பிறகு பாதி குறைந்தது. கேட்கத்தான் வேண்டும். கேட்காத சங்கம்தான் ஆபத்து.

* * *

சரி, 1920-ல் அந்த மிச்சத்தில் பிறந்த சங்கம் அதற்கப்புறம் என்ன செய்தது? முழுப் பட்டியல் போட்டால் இன்னொரு பதிவு ஆகும். எனக்கு மறக்காத சில மட்டும்.

1943 வங்காளப் பஞ்சம். செத்தவர்கள் முப்பது லட்சம் வரை இருக்கலாம் என்று அமர்த்தியா சென் கணக்கிட்டார். அந்தச் சமயத்தில் செஞ்சிலுவைச் சங்கம் குழந்தைகளுக்குப் பால் விநியோகித்தது. அரிசி அரசியலாகிப்போன நேரத்தில் பால் டின் கொஞ்சம் குழந்தைகளையாவது போய்ச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் சிறைப்பட்டிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குச் செஞ்சிலுவை ஏற்பாட்டில் போன உணவுப் பொட்டலங்கள் வேறு மாதிரி. லண்டனில் இந்தியன் கம்ஃபர்ட்ஸ் ஃபண்ட் என்ற அமைப்பு அவற்றைக் கட்டியது. உள்ளே பருப்பும் கறிப்பொடியும் இருந்தன. வெளியூரில் குடியிருக்கும் நமக்குத்தான் தெரியும், பருப்பும் பொடியும் பார்சலில் வருவது என்றால் என்னவென்று. அதை அனுப்ப வேண்டும் என்று யோசித்த அந்த ஆளுக்கு ஒரு கும்பிடு.

1947 பிரிவினை அகதிகள் முகாம்கள். பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் பல வருஷம் சங்கத்தை நடத்தினார். 1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி வந்தபோது வெளிநாட்டுச் செஞ்சிலுவைச் சங்கங்களின் உதவி இந்தச் சங்கத்தின் வழியாக முகாம்களுக்குப் போனது. 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்தில் புஜ் ஊரின் ஆஸ்பத்திரி இடிந்து நோயாளிகளே புதைந்துபோனார்கள். சில நாட்களில் அங்கே செஞ்சிலுவை இயக்கத்தின் கூடார ஆஸ்பத்திரி எழுந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட படுக்கைகள். 2004 டிசம்பர் 26 சுனாமி. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 உயிர். அதில் 6,000-க்கும் மேல் எங்கள் நாகப்பட்டினம் மாவட்டம்.

குறையே இல்லாத அமைப்பு என்று சொல்ல வரவில்லை. குடியரசுத் தலைவர் இதன் தலைவர், மத்திய சுகாதார அமைச்சர் இதன் சேர்மன். மாநிலத்தில் ஆளுநர், மாவட்டத்தில் கலெக்டர். பாதி அரசாங்கம், பாதி தொண்டு. கலெக்டர் சுறுசுறுப்பாக இருந்தால் கிளையும் சுறுசுறுப்பு, இல்லாவிட்டால் இல்லை என்ற விமர்சனம் பழையது, நியாயமானதும்கூட.

* * *

ஆனால் இங்கே ஒடிசாவில் நான் நேரில் பார்த்த ஒன்று இருக்கிறது. 2018-ல் விவசாயக் கடன் ஆய்வுக்காக ஜகத்சிங்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய ஒரு பெரிய கூடம். ஏறிப் போகச் சாய்தளம். மேலே பிள்ளைகளுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தை ஏன் தூண் மேல் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டேன். கூட வந்தவர், "இது பள்ளிக்கூடம் இல்லை சார், புயல் கூடம். புயல் இல்லாத நாளில் பள்ளிக்கூடம்" என்றார்.

1999 அக்டோபர் 29 அன்று வந்த சூப்பர் புயலில் ஒடிசாவில் சுமார் பத்தாயிரம் பேர் செத்தார்கள். அதிலும் மோசமாக அடிபட்டது இந்த மாவட்டம்தான். அந்தப் புயலுக்கு முன்பே இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம், ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து ஒடிசாக் கரையில் இப்படி 23 கூடங்களைக் கட்டி முடித்திருந்தது. கடல் ஊருக்குள் வந்த அந்த ராத்திரி, அந்தக் கூடங்களில் பல்லாயிரம் பேர் உயிரோடு நின்றார்கள். இருபத்து மூன்று போதாதுதான். ஆனால் வழி தெரிந்துவிட்டது. பிறகு மாநில அரசும் மற்றவர்களும் கட்டிக் கட்டி 2019-க்குள் எண்ணிக்கை எண்ணூறைத் தாண்டியது. முன்கூட்டியே எச்சரிப்பதும் ஆட்களை அப்புறப்படுத்துவதும் கூடச் சேர்ந்துகொண்டன. 2013-ல் ஃபைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள். ஒடிசாவில் செத்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு.

இதைத்தான் நான் சங்கக் கூட்டத்தில் சொல்லத் தெரியாமல் முழித்தேன். நிவாரணம் என்றால் அழுகை கேட்டதும் ஓடிக் கொடுப்பது மட்டும் இல்லை. யாரும் அழாத ஒரு சாதாரண வருஷத்தில், அடுத்த அழுகைக்காக ஒரு தூண் எழுப்புவதும் நிவாரணம்தான். அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? மனசு இளகிய நேரத்தில் ஜனங்கள் கொடுத்து மிஞ்சியதும் அதற்கு ஒரு வழி.

ஆனால் 'அடுத்த புயலுக்கு' என்று நான் பாட்டுக்கு முடிவு செய்ததும் தப்புத்தான். அதற்கும் சரித்திரத்தில் பாடம் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அந்தப் பெயரில் பணம் கொட்டியது. அதில் ஒரு பகுதியை எதிர்காலத் தேவைக்கு ஒதுக்கிவைக்க நினைத்தார்கள். நாடே கொதித்தது. நாடாளுமன்றக் குழு கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. தலைவராக இருந்த பெர்னடின் ஹீலி பதவி விலகினார். நவம்பரில் முடிவை மாற்றி, எல்லாம் பாதிக்கப்பட்டவர்களுக்கே என்று அறிவித்தார்கள். ஒதுக்கிவைத்ததில் சூது இல்லாமல் இருக்கலாம். கொடுத்தவரைக் கேட்கவில்லை, அதுதான் குற்றம்.

சுனாமி சமயத்தில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு வேறு விதமாக நடந்துகொண்டது. 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே, சுனாமிக்கு வேண்டிய அளவு வந்துவிட்டது, இனி அந்தப் பெயரில் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதிகமாக வந்ததை வேறு துயரங்களுக்குச் செலவு செய்யலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டார்கள். பெரும்பாலோர் தாராளமாகச் சரி என்றார்கள்.

1920-ல் சட்டசபையில் செய்ததும் 2005-ல் கடிதத்தில் செய்ததும் ஒரே காரியம்தான். எங்கள் சங்கத்தில் நான் செய்யாமல் விட்டதும் அதுதான்.

* * *

2019 மே 3. ஃபோனி புயல் பூரியில் கரையேறி எங்கள் தலைமேலேயே வந்தது. பன்னிரண்டு லட்சம் பேரை அப்புறப்படுத்தியிருந்தார்கள். அப்படியும் 64 உயிர் போனது. புவனேஸ்வரத்தில் பாதி மரங்கள் ரோட்டில் கிடந்தன. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, போன் இல்லை. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பஸ்தியில் தகரக் கூரை, ஓட்டுக் கூரை எதுவும் மிச்சமில்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா, வாட்ச்மேன், காய்கறிக்காரர் எல்லாரும் அங்கேதான். தலைக்கு மேலே ஒன்றும் இல்லாமல் மே மாத வெயில்.

கணக்கில் 23,460 இருந்தது. கஜாவுக்கு வாங்கிய பணம்.

ஒரு நீள நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்தில் எழுதினேன்: 'வேதாரண்யத்துக்காக நீங்கள் கொடுத்ததில் மிஞ்சியதை இந்தப் பஸ்திக்குத் தார்ப்பாய் வாங்கச் செலவு செய்யச் சம்மதமா? இல்லையென்றால் உங்கள் பங்கு நீங்கள் சொல்லும் இடத்துக்குப் போகும்.' வீடு வீடாக நடந்தேன். இரண்டு பேர் மாற்றலாகிப் போயிருந்தார்கள். நெட்வொர்க் வந்ததும் போனில் சம்மதம் வாங்கினேன். 'வட்டி யாருக்கு' என்று கேட்டவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னோடு கூடவே மற்ற வீடுகளுக்கும் நடந்து வந்தார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

61-ல் அறுபது பேர் சரி என்றார்கள். ரயில்வே சார் மட்டும் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "பஸ்திக்கு நான் தனியா தரேன் தம்பி. அந்தக் காசு வேதாரண்யத்துக்கு. பேச்சு மாறக்கூடாது." பஸ்திக்கு இரண்டாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்துக் கையில் கொடுத்தார். அதற்கு அரிசியும் மெழுகுவத்தியும் வாங்கினோம்.

அவர் கஜாவுக்குக் கொடுத்தது 5,000. மிச்சத்தில் அவருடைய விகிதாசாரப் பங்கு 629 ரூபாய். வேதாரண்யம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க அனுப்பி, ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். "இதுதான் தம்பி கணக்கு" என்றார். அந்த நாலு வார்த்தையை என் சர்வீஸில் கிடைத்த பெரிய பாராட்டாக வைத்திருக்கிறேன்.

மீதி 22,831. மார்ச் முடிய ஏறிய வட்டி 273. (யாருக்கு என்று கேட்டார்களே, இதோ.) ஆக 23,104. தார்ப்பாய் ஒன்று 550 ரூபாய் வீதம் 42 தார்ப்பாய், 23,100.

ராய்ப்பூர் நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: ஒரு நோட்டு வாங்குங்கள். கொடுத்தவர்களிடம் போய்க் கேளுங்கள். 'மாட்டேன்' என்று சொல்பவரை விரோதியாக நினைக்காதீர்கள், அவர் பங்கை அவர் சொன்ன இடத்துக்கு அனுப்புங்கள். 1920-ல் ஒரு சாம்ராஜ்யமே கூச்சப்படாமல் செய்த வேலை. நமக்கென்ன வந்தது?

கையிருப்பு இன்னும் நாலு ரூபாய் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஆண்டுக் கூட்டத்தில் அதையும் படிக்கிறேன். இப்போது யாரும் சிரிப்பதில்லை.